சாமிக்கு அடிக்கும் ஹாரன்

சீனிராஜ் ரோட்டில் பாதியைத் தாண்டிவிட்டார். மீதிப் பாதி அப்படியே கிடந்தது. நடுத்திட்டில் ஆள் நுழைகிற அளவுக்கு விட்டிருக்கும் இடைவெளியில், இரண்டு பக்கமும் அரளிச் செடி தோளில் உரச, தங்கச்சி பேச்சித்தாயைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நின்றார். பத்தொன்பது வருசமாக அவர் தாண்டுகிற ரோடு இது. எதிரே அவர் மாஸ்டராக இருக்கும் பேக்கரி தெரிந்தது, ஷட்டர் பாதி ஏற்றியிருந்தது. அதையொட்டி வேப்பமரம், மரத்தடியில் காவல்சாமி கைகாட்டிக் கருப்பு, கருப்புக்கு முன்னால் ஆரஞ்சுச் சட்டை மாட்டிய ரோட்டு ஆபீசர் ஒருவர், கையில் அட்டையும் பேனாவுமாக. இருபது எட்டு வைத்தால் அங்கே போய்விடலாம். வைக்க முடியவில்லை. முதல் பாதிக்கு வலப்பக்கம் பார்க்க வேண்டும், வண்டி அங்கிருந்துதான் வரும். நடுவில் வந்ததும் இடப்பக்கம் பார்க்க வேண்டும். மூன்றாம் வகுப்பு வாத்தியார் என்னவோ வலது பார், இடது பார், மறுபடி வலது பார் என்றுதான் பாடமாகச் சொல்லிக்கொடுத்தார், அப்போது இந்த ஊருக்கு ஒரு நாளைக்கு இரண்டே பஸ், அந்தப் பஸ்ஸும் ஆளைப் பார்த்து நின்று ஏற்றிக்கொண்டு போகும். இப்போது மறுபடி வலது பார்த்தால் அதற்குள் இடது வந்து அடித்துவிடும். சரி, இடது மட்டும் பார்ப்போம் என்றால், வண்டி திரும்புகிற இடம்வரை போய்த் திரும்பச் சோம்பல்பட்டு எதிர்த்திசையிலேயே ஓரமாக வருகிற மோட்டார் சைக்கிள்காரன் வலதில் இருந்து முளைப்பான். ஆக எந்தப் பக்கம் பார்த்தாலும் இன்னொரு பக்கம் பாக்கி நிற்கிறது. சீனிராஜ் இடது பார்த்தார், வலது பார்த்தார், பேச்சியைப் பார்த்தார். அவள் ஆபீசரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஊருக்குப் பாதை பிரிகிற இந்த நத்தக்காடு விலக்கில் இரண்டு வருசத்தில் ஆறு பேர் போயிருக்கிறார்கள். பஞ்சாயத்தில் இருந்து மனு மேல் மனு போட்டு, கடைசியில் இந்த மார்கழியில் ஓர் ஆபீசர் வந்துவிட்டார். செத்தவர்களின் வீட்டு ஆட்கள் பத்தரை மணிக்கு வந்து, எப்படி நடந்தது என்று சொல்ல வேண்டும், அதை வைத்துத்தான் மேம்பாலமோ விளக்கோ என்று தலைவர் வீடு வீடாகச் சொல்லிப் போனார். ஆறாவது ஆள் குருவய்யா, பேச்சியின் வீட்டுக்காரர், சீனிராஜுக்கு மாப்பிள்ளை. ஆடி மாதம் இதே இடத்தில், இந்த இடைவெளியில் இருந்து ஓர் எட்டு இறங்கிய இடத்தில். இடப்பக்கம் இருநூறு அடி தள்ளி ரோடு வளைகிறது. வளைவுக்கு அந்தப் பக்கம் என்ன வருகிறது என்பது வேப்பமரத்துக்கும் கருப்புக்கும்தான் தெரியும், மனிதர்களுக்குச் சத்தம் மட்டும்தான் வரும். அந்தச் சத்தத்தில்தான் சீனிராஜின் மனசு போய்ப் போய் மாட்டிக்கொள்கிறது, ஆணியில் மாட்டிய சட்டையை இழுக்க இழுக்கக் கிழிகிற மாதிரி. ஏனென்றால் இங்கே வருகிற எந்த வண்டியும் கருப்புக்கு ஹாரன் அடிக்காமல் போகாது. லாரிக்காரன் மூன்று அடிப்பான். பஸ் இரண்டு. கார்க்காரன் மனசுக்குள் கும்பிட்டுக்கொண்டு சும்மா ஒன்று தட்டிவிட்டுப் போவான். இந்த மாதத்தில் மலைக்குப் போகிற சாமிமார் வேனில் பாட்டு ஹாரனை வைத்து வளைவு முடிகிறவரை இழுப்பார்கள். அடிக்காமல் போனவன் அடுத்த மைல்கல் தாண்ட மாட்டான் என்று டிரைவர்களுக்குள் ஒரு பேச்சு. அதனால் தூக்கத்தில் வருகிறவன்கூட இங்கே கையை ஹாரனில் வைத்துவிடுவான், காலை பிரேக்கில் வைக்கத்தான் யாருக்கும் ஞாபகம் வராது. அடிப்பது சாமிக்கு. ஊர்க்காரன் அதைக் காதில் வாங்குவதே இல்லை, மில் ஓடுகிற ஊரில் மில் சத்தத்தை எவன் கேட்கிறான். ரோட்டில் நிற்கிற கோழிகூட நத்தக்காட்டுக் கோழியாக இருந்தால் தலையைத் தூக்காது. ஆனால் சாமிக்கு அடிக்கிற ஹாரனுக்கும் மனுசனுக்கு அடிக்கிற ஹாரனுக்கும் என்ன வித்தியாசம்? ஐந்து மாதமாக சீனிராஜ் அடுப்படியில் நின்றபடி எண்ணிக்கொண்டிருக்கிறார். மூன்று என்றால் சாமி. விடாமல் அடித்தால் மனுசன். அப்படியானால் சாமிமார் வேன் விடாமல் அடிக்கிறதே? சரி, வளைவுக்குள் அடித்தால் சாமி, வளைவு தாண்டி அடித்தால் மனுசன். வளைவுக்குள்ளேயே ஆளைப் பார்த்துவிட்டால்? பன்னைத் தட்டில் அடுக்கிக்கொண்டே இதைப் பிரித்துப் பிரித்துப் பார்ப்பார், ஒரு நாளும் பிரிந்து வந்ததில்லை.

அன்றைக்கு வந்தது முட்டை வேன். சீனிராஜ் முன்னால் தாண்டிப் போய்விட்டார், பேக்கரி ஓரத்தில் நின்று திரும்பிப் பார்த்தார். குருவய்யா இதே இடைவெளியில் நின்றுகொண்டிருந்தார், கையில் வீட்டுத் தண்ணி மோட்டாருக்கு வாங்கிய வாஷர் பொட்டலம். அந்த மனுசன் எல்லாவற்றுக்கும் நின்று யோசிக்கிற ஆள். இருபத்திரண்டு வருசம் திருப்பூரில் இருந்துவிட்டுப் பேச்சியின் ஊருக்கு வந்தவர், கருப்பின் பழக்கமெல்லாம் அவருக்குப் புதுசு. வளைவுக்குள் ஹாரன் கேட்டதும், இறங்க எடுத்த காலைப் பின்னால் வைத்துவிட்டு, சீனிராஜின் முகத்தைப் பார்த்தார். வரட்டுமா என்று கேட்கிற பார்வை. சீனிராஜ் சிரித்தார். சிரித்ததுதான் இப்போது நெஞ்சில் நிற்கிறது, சொன்னதைவிடச் சிரித்தது. "வாங்க மாப்ள, அது சாமிக்கு அடிக்கிறது" என்றார், கையை வேறு ஆட்டினார். வளைவுப் பக்கம் திரும்பிப் பார்த்தாரா? பார்க்கவே இல்லை, பத்தொன்பது வருசத்தில் யார் பார்த்தது. மாப்பிள்ளை மச்சானை நம்பி இறங்கினார். பிறகு ரோடு முழுக்க மஞ்சள். ரத்தத்தைவிட முட்டைதான் அதிகம், வெயிலில் தார் மேல் அங்கங்கே வெந்துகூடப் போயிருந்தது. அதற்குள் வாஷர் பொட்டலம் எங்கே போனது என்று யாரும் தேடவில்லை. அன்றிலிருந்து கேக்குக்கு முட்டை உடைக்கும்போது சீனிராஜ் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். ஓடு உள்ளே விழுந்துவிடுகிறது என்று முதலாளி இரண்டு தரம் சொல்லியாயிற்று. ஸ்டேஷனில் கேட்டபோது, "நான் ஷட்டரத் தூக்கிக்கிட்டு இருந்தேன் சார், சத்தம் கேட்டுத்தான் திரும்புனேன்" என்றார். யாரும் சொல்லிக்கொடுத்து வந்த பொய் இல்லை அது. வாயைத் திறந்தார், ஷட்டர் வந்தது. வேன் டிரைவர் அழுதுகொண்டே, "ஹாரன் அடிச்சுக்கிட்டேதான் சார் வந்தேன், அதக் கேட்டும் அவரே இறங்கிட்டாரு" என்றான். அவன் சொன்னது எல்லாம் நிஜம். சீனிராஜ் சொன்னது மட்டும்தான் நிஜம் இல்லை. அதற்குப் பிறகு ஷட்டரைத் தூக்கும்போதெல்லாம் அந்தக் கரகரப்பில் ஏதோ கேட்கிறது, என்ன என்று கேட்கப் போனால் சத்தம் நின்றுவிடுகிறது.

"அண்ணே" என்றாள் பேச்சி. ஆபீசரைப் பார்த்தபடியேதான் கூப்பிட்டாள். "நான் ஒண்ணு முடிவு பண்ணிட்டுத்தான் வந்துருக்கேன். நீ நடுவுல பேசக்கூடாது."

"என்ன தாயி?"

"அந்த ஆபீசர்ட்ட, என் வீட்டுக்காரர இந்த லிஸ்ட்டுல சேக்காதீங்கன்னு சொல்லப் போறேன். மத்த அஞ்சு பேரும் தவறிப் போனவங்க. இவரு தானாப் போனவரு. பொய் சொல்லிப் பாலம் வாங்க வேண்டாம்."

ஒரு சிமெண்ட் லாரி மூன்று அடித்துவிட்டுக் கடந்தது. அதன் காற்றில் அரளி இலையெல்லாம் புழுதியைக் கொட்டியது. சீனிராஜுக்குக் காது அடைத்துக்கொண்டது, லாரியினாலா அவள் சொன்னதினாலா என்று பிரிக்கத் தெரியவில்லை. தானாப் போனவரு. இதை அவள் சொல்லிக் கேட்பது முதல் தரம் இல்லை. பதினாறாம் நாள் விசேஷம் முடிந்து பந்தி எடுத்த மத்தியானம், அண்டாவைக் கழுவிக்கொண்டே அவள் சொன்னாள்: அன்றைக்குக் காலையில் தண்ணி மோட்டார் ஓடவில்லை, நாலு நாளாக ஓடவில்லை, அவள் குடம் குடமாகத் தூக்கிவிட்டு வந்து அவரைப் பார்த்து, நீங்க இருந்தும் ஒண்ணுதான் இல்லாட்டியும் ஒண்ணுதான் என்று சொல்லிவிட்டாள். அவர் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினார். "கேஸ் மூடிய ரெண்டு தடவ திருகிப் பாக்குற மனுசண்ணே. பூட்டுன பூட்ட இழுத்துப் பாத்துட்டு நாலு எட்டுப் போயி, திரும்பி வந்து மறுபடி இழுப்பாரு. அவரு ஹாரனக் கேட்டுட்டு வண்டிக்கு முன்னாடி இறங்குவாரா? நான் சொன்ன சொல்லுதான் இறங்க வச்சிருச்சு." அண்டாவை அவள் தேய்த்த தேய்ப்பு இப்போதும் காதில் கேட்கிறது. அப்போதே சொல்லியிருக்கலாம். வாஷர் வாங்கத்தான் தாயி போனாரு, உன் மோட்டாருக்குத்தான், பொட்டலம் கையில இருந்துச்சு, அதையாவது சொல்லியிருக்கலாம். பொட்டலத்தைப் பார்த்தேன் என்றால் ஆளைப் பார்த்தாய் என்று ஆகிவிடும், ஆளைப் பார்த்தாய் என்றால் ஷட்டர் என்ன ஆயிற்று என்று வரும். ஒன்றை உருவினால் எல்லாம் சரியும். அதனால் கையைக் கட்டிக்கொண்டு நின்றார், ஆறுதலாக "விடு தாயி" என்றார். எதை விடச் சொன்னார், அவருக்கே தெரியாது. அவள் விடவும் இல்லை. ஐந்து மாதத்தில் பாதி உடம்பாகிப் போனாள். மகளைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பும்போது கோபமாக ஒரு வார்த்தை வந்துவிட்டால், பின்னாலேயே ஓடி அதைத் திரும்ப எடுத்துக்கொண்டு வருகிறாளாம், "நான் சும்மா சொன்னேன் பாப்பா, சும்மா சொன்னேன்" என்று, தெரு முனைவரைக்கும்.

இப்போது சொல்ல வேண்டும். ரோட்டைத் தாண்டுவதற்குள் சொல்ல வேண்டும், தாண்டிவிட்டால் அவள் சொல்லிவிடுவாள், ஆபீசர் எழுதிக்கொள்வார், எழுதினதை ஊர் படிக்கும், பாப்பா படிப்பாள். சீனிராஜ் வாயைத் திறந்தார். உள்ளே இருந்து ஷட்டர்தான் மறுபடி வரப் பார்த்தது. இப்படி யோசித்தால் என்ன என்று நினைத்தார்: குற்றம் ரோட்டின் மேல்தானே. வளைவில் "விபத்துப் பகுதி, மெதுவாகச் செல்லவும்" என்று போர்டு இருக்கிறது, அதை மறைத்து யாருடைய காதுகுத்துக்கோ ஃப்ளெக்ஸ் கட்டியிருக்கிறது, அந்தக் குழந்தைக்கு இப்போது பல்லே முளைத்திருக்கும். மினுக்கு விளக்கின் பேட்டரியை எவனோ கழற்றிப் போய்விட்டான். சிவப்பு வெள்ளை அடித்து மணல் ரொப்பி வைத்த டிரம்கள் ஒவ்வொன்றாக நடந்து போய் வீடுகளில் தண்ணீர்த் தொட்டியாகிவிட்டன, சீனிராஜ் வீட்டிலேயே ஒன்று நிற்கிறது, அந்தத் தண்ணீரில்தான் காலையில் குளித்துவிட்டு வந்தார். சாலைப் பாதுகாப்பு வாரம் என்று பிள்ளைகள் அட்டை பிடித்துக்கொண்டு வரிசையாக வந்தார்கள், அவர்கள் பத்திரமாகத் தாண்ட வேண்டுமே என்று இரண்டு பக்கமும் கயிறு கட்டி வண்டிகளை நிறுத்தினார்கள், மறுநாள் கயிறு இல்லை, பிள்ளைகள் மட்டும் தாண்டினார்கள். மாப்பிள்ளை போன பிறகு ஊர் கூடிக் கருப்புக்குக் கிடா வெட்டியது, இனிமேல் காவு கேட்காதே என்று. அதைப் பார்த்துவிட்டு டிரைவர்களுக்குப் பயம் கூடி இரண்டு அடித்தவன் நாலு அடிக்கிறான். கிடாக்கறியை சீனிராஜும் சாப்பிட்டார். ருசியாகத்தான் இருந்தது, அதை நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. சரி, ஆக எல்லார் மேலும் குற்றம், ஊரில் ஒருத்தர் பாக்கி இல்லாமல். எல்லார் மேலும் இருந்தால் தன் மேல் கொஞ்சம்தானே வரும் என்று பிரித்துப் பார்த்தார். கொஞ்சமாக வரவில்லை. முழுசாகத்தான் வந்தது. வரட்டுமா என்று பார்த்த கண் எல்லாரையும் பார்க்கவில்லையே, அவரைத்தான் பார்த்தது. சொன்னால் பேச்சி என்ன செய்வாள்? அண்ணன் என்று ஒருத்தன் இருக்கிறான் என்பதுதான் அவளுக்கு மிச்சம். அதையும் அவளிடமிருந்து எடுக்க வேண்டுமா? இது அவளுக்காக யோசிப்பதா, தனக்காக யோசிப்பதா? மூன்று அடித்தால் சாமி, விடாமல் அடித்தால் மனுசன். தலை சுற்றியது. காலையில் ஒன்றும் சாப்பிடவில்லை என்பது ஞாபகம் வந்தது, உடனே அதுதான் காரணம் என்று நிம்மதி வந்தது, அந்த நிம்மதியைப் பார்த்து அவருக்கே அருவருப்பாக இருந்தது.

எதிர்ப்பக்கம் ஆபீசர் கையைத் தூக்கி ஆட்டினார். வாங்க, வாங்க. வாட்ச்சைத் தட்டிக் காட்டினார். வளைவுக்குள் ஹாரன் கேட்டது. இரண்டு, பிறகு ஒன்று. இது எதில் சேர்த்தி? இரண்டும் ஒன்றும் மூன்று, மூன்று என்றால் லாரி, லாரி என்றால் சாமி, ஆனால் லாரிக்காரன் இடைவெளி விட மாட்டானே.

"வாண்ணே, அது சாமிக்கு" என்றாள் பேச்சி. இந்த ஊரில் பிறந்தவள், திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. இறங்கிவிட்டாள்.

சீனிராஜ் அவள் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தார். வளையல் இல்லாத கை, வழுக்கிக்கொண்டு போகப் பார்த்தது, முழங்கைக்கு மேல் பிடித்து மறுபடி இழுத்தார். அவள் அரளிக்குள் சரிந்து விழுந்தாள். ஒரு பஸ் அவர்களுடைய செருப்பு நுனியில் காற்றை அடித்துவிட்டுப் போனது. கருப்பைப் பார்த்துக் கும்பிட்டபடியே போனார் டிரைவர், இவர்களை அவர் பார்க்கவே இல்லை.

"அன்னைக்கு நாந்தான் தாயி சொன்னேன்" என்றார் சீனிராஜ்.

பேச்சி செடியைப் பிடித்து எழுந்தாள். "என்ன சொன்ன?"

"நீ இப்பச் சொன்னியே, அதத்தான். நான் ஷட்டரத் தூக்கல. அந்தா அங்க நின்னேன். மாப்ள இங்க நின்னாரு. சாமிக்கு அடிக்கிறது, வாங்கன்னு நாந்தான் கூப்பிட்டேன். அதக் கேட்டுத்தான் இறங்குனாரு."

வண்டிகள் போய்க்கொண்டிருந்தன. அவள் அவர் முகத்தையே பார்த்தாள். திட்டுவாள் என்று நினைத்தார். அடித்தால்கூட நல்லது என்று நினைத்தார்.

"அப்ப, ஹாரன் கேட்டதும் நின்னாரா?"

"நின்னாரு. எடுத்த கால பின்னால வச்சுட்டாரு. எம் மூஞ்சியப் பாத்தாரு. கையில மோட்டாருக்கு வாஷர் வாங்கி வச்சிருந்தாரு, தாயி."

"நின்னுருக்காரு" என்றாள் பேச்சி. நடுத்திட்டுக் கல்லில் உட்கார்ந்துவிட்டாள். "நின்னுருக்காரு. வாஷர் வாங்கிருக்காரு." முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு, இரண்டு பக்கமும் ரோடு ஓட, நடுவில் உட்கார்ந்து அவள் அழுதாள். ஐந்து மாதத்தில் அப்படி அழுது அவர் பார்த்ததில்லை. பக்கத்தில் உட்காரலாமா, நிற்கலாமா என்று தெரியாமல் சீனிராஜ் பாதி குனிந்தபடி இருந்தார். எதிரே ஆபீசர் கையை ஆட்டுவதை நிறுத்திவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கொஞ்ச நேரம் கழித்து அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். "இத அவர்ட்ட சொல்லுவியா?"

"சொல்றேன்."

"எல்லாத்தையும்?"

"ஷட்டரையும் சேத்துச் சொல்றேன்."

"சரி." புடவையில் ஒட்டியிருந்த அரளி இலையைத் தட்டினாள். "கொஞ்ச நாளைக்கு நீ வீட்டுக்கு வராதண்ணே. பாப்பாட்ட நான் சொல்லிக்கிறேன். எனக்கு எப்பத் தோணுதோ அப்ப நானே கூப்புடுறேன்."

அதைச் சாதாரணமாகத்தான் சொன்னாள். சொல்லிவிட்டு அவர் கையையும் பிடித்துக்கொண்டாள், ரோடு தாண்ட வேண்டுமே. இரண்டு பேரும் வளைவைப் பார்த்து நின்றார்கள். ஒரு வேன் போனது, இரண்டு லாரி போனது, எதிர்த்திசையில் ஒரு மோட்டார் சைக்கிள் போனது. சத்தத்தை விட்டுவிட்டுக் கண்ணால் மட்டும் பார்த்தார்கள். ரோடு வெறுமையாகத் தெரிந்தபோது நடந்தார்கள், ஓடவில்லை. அந்தக் கரையில் கால் வைத்ததும் அவள் கையை விட்டாள். விட்ட இடம் அவருக்குக் குளிர்ந்தது.

ஆபீசர் தாளைப் புரட்டினார். நல்ல மனுசன்தான், சத்தம் போட்டுப் பேசாத ஆள், பேச்சி அழுதிருப்பதைப் பார்த்துவிட்டு இன்னும் குரலைத் தணித்துக்கொண்டார். "குருவய்யா வீட்டாளுங்களா? ஆடி மாசம், முட்டை வேன். அன்னிக்கு நீங்க யாராச்சும் நேர்ல பாத்தீங்களா?"

சீனிராஜ் வாயைத் திறந்தார். அப்போது வளைவுக்குள் ஹாரன் கேட்டது, நீளமாக. அண்ணனும் தங்கச்சியும் ஒரே நேரத்தில் திரும்பினார்கள். சாமிமார் வேன் ஒன்று மாலையும் பூவுமாக வந்து, அவர்களை ஒட்டிக் கடந்து போனது. ஆபீசர் திரும்பவில்லை. ரோட்டுக்கு முதுகைக் காட்டி, ஓரத்து வெள்ளைக் கோட்டைத் தாண்டி ரோட்டுக்குள் ஓரடி தள்ளி நின்று, பேனாவை உதறிக்கொண்டிருந்தார்.

"சார்" என்றார் சீனிராஜ். "இப்ப ஒரு ஹாரன் கேட்டுச்சு. நீங்க ஏன் திரும்பிப் பாக்கல?"

ஆபீசருக்குக் கேள்வியே புரியவில்லை. பேனாவாலேயே கருப்பைக் காட்டினார். "சாமிக்குத்தானே அடிக்கிறாங்க?"

அவர் நத்தக்காடு விலக்குக்கு வந்து ஒரு மணி நேரம்தான் ஆகியிருந்தது.

"அதத்தான் சார் நீங்க எழுதணும்" என்றார் சீனிராஜ். "அன்னைக்கு நானும் அதையேதான் சொன்னேன்."